பெறுமதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?



டிசம்பர் 26 வந்தால் எங்கள் கரையில் எல்லாரும் எதையாவது எழுதுவார்கள். நான் இதுவரை எழுதியதில்லை. இந்த முறை எழுத வைத்தது ஒரு மாணவியின் கேள்வி. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்பு தரம் 10 வகுப்பில் ஒத்தகருத்துச் சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நட்டம், சேதம், இழப்பு, அழிவு என்று எழுதி, "இவை நான்கும் ஒரே கருத்து" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், எல்லாம் ஒண்டெண்டா எதுக்கு நாலு சொல்லு வெச்சிரிக்காங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி, நாளைக்குச் செல்றன்" என்று சமாளித்தேன். அந்த நாளை இன்றுதான் வந்திருக்கிறது.

உண்மையில் அந்தக் கேள்விக்கு விடை எனக்கு 15 வயதிலேயே தெரியும். கலாசாலையில் படித்த இலக்கணம் அதைத் தரவில்லை. ஒரு படிவம் தந்தது.

*

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராக் கரையோரம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தபோது எங்கள் நேரம் காலை 6.58. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடல் எங்கள் ஊருக்குள் இருந்தது. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேல். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரமாகப் பெயர்களை வாசித்துக்கொண்டே போகலாம். ஒன்றையும் விட முடியாது.

அடுத்த மாதம் முழுக்க நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். அங்கேதான் படிவங்கள் வரத் தொடங்கின. அரசாங்கத்தின் படிவம், வெளிநாட்டு நிறுவனங்களின் படிவம், சங்கங்களின் படிவம். என் கையெழுத்து கொஞ்சம் அழகு. அதனால் எங்கள் வகுப்பறையில் இருந்தவர்களுக்கும் பக்கத்து வகுப்பறைக்காரர்களுக்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். முஸ்லிம் குடும்பங்களுக்கும் நிரப்பினேன், எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் நிரப்பினேன். படிவங்கள் வேறு வேறாக இருந்தாலும் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான். குடும்பத் தலைவர் பெயர். சேதமடைந்த சொத்து. அதன் பெறுமதி. இறந்தவர்கள். காணாமற்போனவர்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாலும் மனிசர்கள் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் சொற்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை நான் கண்டேன்.

*

சேதம்

இதுதான் நிரப்புவதற்கு ஆக இலகுவான கட்டம். சேதம் என்ற சொல் வடமொழியிலிருந்து வந்தது, அடியில் "வெட்டு" என்ற பொருள். முழுசாக இருந்த ஒன்றில் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போனால் சேதம். மிச்சம் ஏதோ இருக்கிறது என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

அதனால்தான் சேதத்தை அளக்க முடியும். அரசாங்கமும் அளந்தது. வீட்டில் 40 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் முழுச்சேதம், 250,000 ரூபா. அதற்குக் குறைவென்றால் பகுதிச்சேதம், 100,000 ரூபா. காசு கட்டம் கட்டமாக வரும் என்று சொன்னார்கள். மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் நின்ற சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு சுவர் நின்றதாலேயே முழுச்சேதம் பகுதிச்சேதம் ஆகிவிடுமோ என்று பயந்து, மதிப்பீட்டுக்கு முதல் நாள் இரவு நின்ற சுவரைத் தாங்களே தள்ளி விழுத்தியவர்களும் இருந்தார்கள். குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு சுவரின் விலை 150,000 ரூபா என்றால் யார்தான் யோசிக்க மாட்டார்?

நட்டம்

நட்டம் கணக்குப் புத்தகத்தின் சொல். இலாபத்துக்கு எதிர்ச்சொல் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் இதுவும் வடமொழியிலிருந்து வந்ததுதான். அங்கே அதன் பழைய பொருள் காணாமல் போனது, கண்ணுக்கு மறைந்தது, அழிந்தது. கடைக்காரரின் கொப்பிக்குள் வந்து சேர முதல் அது மனிசரின் சொல்லாக இருந்திருக்கிறது.

எங்கள் வாப்பா நெசவுக்காரர். இரண்டு தறி. மருதமுனைச் சாரனுக்குக் கொழும்பிலும் பெயர் இருந்த காலம். அன்று காலையில் ஒரு தறியில் பாவு ஏற்றி, பாதிச் சாரன் நெய்யப்பட்டிருந்தது. படிவத்தில் அதை எப்படி எழுதுவது? வாப்பா நெடுநேரம் யோசித்தார். நூலின் விலையைப் போடுவதா, சாரனின் விலையைப் போடுவதா? நூலாகவும் அதை இனி விற்க முடியாது, சாரனாகவும் அது இன்னும் ஆகவில்லை. விலை என்ற சொல் "வில்" என்ற வினையிலிருந்து வருகிறது. விற்கக்கூடியதற்குத்தான் விலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி விற்ற பத்திரத்துக்கு "விலை ஆவணம்" என்றே பெயர். விற்பவர், வாங்குபவர், பொருள் மூன்றும் இருந்தால்தான் விலை பிறக்கும். பாதிச் சாரனுக்கு இந்த மூன்றும் இல்லை.

கடைசியில் வாப்பா சொன்னார்: "நூலெண்டே போடு மகன். நெஞ்ச கூலிய யாரு தரப்போறா?"

அன்றைக்கு நான் பெரிதாக யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால், அந்த இரண்டு வசனத்தில் ஒரு பொருளாதாரப் பாடமே இருக்கிறது. பொருள் போனால் கேட்கலாம். அதற்குள் போன உழைப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பெறுமதி, மதிப்பு

நாங்கள் "பெறுமதி சேர் வரி" என்கிறோம். அதே வரியைத் தமிழ்நாட்டில் "மதிப்புக் கூட்டு வரி" என்கிறார்கள். நாங்கள் பரீட்சையில் "புள்ளி" எடுக்கிறோம், அவர்கள் "மதிப்பெண்" எடுக்கிறார்கள். ஒரே மொழிதான், ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் சின்ன வித்தியாசம் இருக்கிறது. பெறுமதி என்றால் அந்தப் பொருளைக் கொடுத்தால் கைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது. சொல்லுக்குள்ளேயே "பெறு" இருக்கிறது. மதிப்பு என்பதில் அளவிடுவதும் இருக்கிறது, மரியாதை கொடுப்பதும் இருக்கிறது. ஒரு வீட்டையும் மதிக்கலாம், ஒரு மனிசரையும் மதிக்கலாம்.

சுனாமிக்குப் பிந்திய அரசியலை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு சொல்லும் போதும் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். 2005 ஜூன் 24 அன்று அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். அம்பாறைக் கரையில் ஆகக் கூடுதலாக அடிபட்டவர்களில் நாங்கள் இருந்தோம். கையெழுத்திட்டவர்களில் நாங்கள் இல்லை. ஜூலை நடுப்பகுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, அந்தக் கட்டமைப்பே நடைமுறைக்கு வராமல் போனது. அது வந்திருந்தால் நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே வேண்டாம். எங்கள் முகாமில் அன்று ஒரு பெரியவர் சொன்னது மட்டும் ஞாபகம்: "காசக் குறச்சித் தந்தாலும் பரவாயில்ல, ஆளாக் கணக்கெடுக்கல்லயே." அவர் கேட்டது பெறுமதியை அல்ல. மதிப்பை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். வழக்கு, தீர்ப்பு, இழுபறி. கட்டி முடித்த வீடுகளுக்குள் மரம் முளைத்தது. வீடு இல்லாதவர்கள் வெளியில், ஆள் இல்லாத வீடுகள் உள்ளே. அந்த வீடுகளுக்குப் பெறுமதி இருந்தது. யாருக்கும் அது பெறும்படியாக இல்லை.

ஈடு

நட்டஈடு என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஈடு என்றால் சமம், இணை. ஈடு வைப்பது என்றால் ஒன்றுக்குப் பதிலாக ஒன்றை வைப்பது. நட்டஈடு என்ற சொல் ஒரு வாக்குறுதி கொடுக்கிறது: போனதற்குச் சமமாக ஒன்று வரும் என்று.

இறந்த ஒருவருக்கு 15,000 ரூபா கொடுத்தார்கள். சமையல் பாத்திரத்துக்கு 2,500 ரூபா. வாரத்துக்கு ஒருவருக்கு 375 ரூபா, அதில் 200 காசு, 175 ரூபாவுக்குப் பொருள். இவை ஒரே பட்டியலில் கீழே கீழே இருந்தன. 15,000 என்பது அடக்கச் செலவுக்கான உதவிதான், உயிருக்கான விலை என்று யாரும் எழுதவில்லை. ஆனால் பாத்திரத்துக்கும் மையத்துக்கும் ஒரே தாளில் தொகை இருந்தால் வாசிக்கிறவர்களின் மனம் எங்கே போகும்?

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா ஒரு நட்டஈட்டு நிதியம் அமைத்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் கென்னத் ஃபைன்பேர்க் என்ற சட்டத்தரணி. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு உழைத்திருப்பார் என்று கணக்குப் பார்க்கச் சொன்னது சட்டம். அதனால் ஒரு குடும்பத்துக்கு 250,000 டொலர், இன்னொரு குடும்பத்துக்கு 71 இலட்சம் டொலர் என்று வித்தியாசம் வந்தது. உணவகத்தில் தட்டுக் கழுவியவரின் மனைவியும் வங்கி முகாமையாளரின் மனைவியும் ஒரே கட்டடத்தில்தான் கணவனை இழந்தார்கள். பிறகு ஃபைன்பேர்க்கே எழுதினார்: இனி இப்படி ஒரு நிதியம் வந்தால் எல்லா உயிருக்கும் ஒரே தொகைதான் கொடுக்க வேண்டும் என்று.

எங்களுக்கு எல்லாருக்கும் ஒரே தொகைதான் கிடைத்தது. போடியாரின் மகனுக்கும் 15,000, கூலிக்காரரின் மகனுக்கும் 15,000. அவர் தேடிய சமத்துவம் எங்களிடம் இருந்தது. ஆனாலும் ஆறுதல் இருக்கவில்லை. கூட்டிக் கொடுத்தாலும் சமமாகக் கொடுத்தாலும் ஈடு ஆகாத ஒன்று இருக்கிறது.

இஸ்லாமியச் சட்டத்திலும் தியா இருக்கிறது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது, பழைய கணக்கில் நூறு ஒட்டகம். அது உயிருக்கு விலை அல்ல, பழிவாங்கலை நிறுத்தும் வழி. ஆனால் தியாவைக் கேட்க எதிரில் ஒரு ஆள் வேண்டும். கடலிடம் யார் போய்க் கேட்பது?

இழப்பு, இழவு, பறிகொடுத்தல்

இப்போது நான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துப் போன இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் தங்கச்சிக்கு ஆறு வயது. ஜனாஸா கிடைக்கவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது: இறந்தவர்கள், காணாமற்போனவர்கள். நான் பேனையை வைத்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மாமி, "காணாமப் போனதெண்டு எழுது மகன்" என்றார். இறந்தவர் என்று எழுதினால் உதவி வரும், காணாமற்போனவர் என்று எழுதினால் பிள்ளை வரக்கூடும். அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடுதான் இருந்தது.

இது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிரச்சினையாக இருந்தது. ஜனாஸா இல்லாமல் மரணப் பத்திரம் எடுப்பது லேசான காரியம் அல்ல. அதனால் 2005 இல் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்யவும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கும் அது வழி செய்தது. வாப்பா பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுதார். பிறகுதான் மரணப் பத்திரத்துக்குப் போனார். உம்மா அந்தப் பத்திரத்தை இன்றுவரை தொட்டதில்லை.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி, அழுகை எதனால் பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறது. அதில் ஒன்று இழவு. வறுமையை வேறாகவும் இழவை வேறாகவும் வைத்திருக்கிறார்கள். இல்லாமல் இருப்பது வேறு, இருந்து இல்லாமல் போவது வேறு. இன்றைக்கும் இழவு என்றால் மரணம்தான். சேதம் பொருளைப் பற்றிப் பேசுகிறது, நட்டம் கணக்கைப் பற்றிப் பேசுகிறது. இழப்பு மட்டும்தான் இழந்தவரைப் பற்றிப் பேசுகிறது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த இழப்பு என்ற சொல்லைக்கூடப் பாவிப்பதில்லை. "பறிகுடுத்திட்டன்" என்பார்கள். பறித்தது கடல். ஆனால் சொல்லில் "கொடுத்தேன்" என்று வருகிறது. யாரோ பறித்ததற்குத் தாங்கள் கொடுத்ததாகத் தாய்மார் சொல்லிக்கொள்கிறார்கள். அலை வந்தபோது உம்மாவின் ஒரு கையில் தங்கச்சியும் மறு கையில் தென்னை மரமும் இருந்தது. அதற்கு மேல் அந்தச் சொல்லை நான் விளக்க விரும்பவில்லை.

சீதனம்

இப்போது படிவத்தின் முதல் கட்டத்துக்கு வருகிறேன். குடும்பத் தலைவர் பெயர்.

எங்கள் பகுதியின் வழமை எல்லாருக்கும் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் காக்காமாரும் வருடக்கணக்காக உழைத்து ஒரு வீட்டைக் கட்டி மகளுக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் பக்கத்தில் ஒரு கொட்டிலுக்குப் போவார்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழமை அல்ல, எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களிலும் இதேதான். தாய்வழிக் குடி முறையும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் பழைய முக்குவச் சட்டத்தில் சொத்து தாய்வழியாகப் போகும். கிறிஸ்டோபர் பிரிட்டோ என்பவர் 1876 இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, சுனாமிக்குப் பிறகு திரும்ப வந்தபோது பார்த்த விடயங்களில் முக்கியமானது இந்தச் சீதன வீடுகளின் கதை.

சீதனம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அது ஸ்திரீதனம், அதாவது பெண்ணின் சொத்து. இன்று சீதனம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பது என்று ஆகிவிட்டது. அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு வீடு கட்ட முடியாமல் எத்தனை சகோதரிகள் வயது போய் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சொல்லின் வேர் வேறு. கைக்கூலி என்ற சொல்லும் அப்படித்தான். வேறு இடங்களில் அதற்கு லஞ்சம் என்று பொருள். இங்கே மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசு. ஆனால் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி பெண்ணின் உபயோகத்துக்காகக் கொடுக்கப்படும் பணம். காதி நீதிமன்றத்தில் அவள் அதைத் திருப்பிக் கேட்கலாம். சொல் அவளுடையது. பழக்கம் அதைக் கை மாற்றிவிட்டது.

கடல் கொண்டுபோன எங்கள் வீடு ராத்தாவுக்காகக் கட்டியது. காக்கா மூன்று வருடம் கட்டாரில் வெயிலில் நின்று அனுப்பிய காசு அதில் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். உறுதி மட்டும் எழுதவில்லை. கலியாணத்தோடு எழுதலாம் என்று வைத்திருந்தார்கள்.

படிவத்தில் குடும்பத் தலைவர் என்று இருந்தது. நான் வாப்பாவின் பெயரை எழுதினேன். வீட்டு உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் வாப்பாவின் பெயரையே எழுதினேன். ராத்தா பக்கத்தில்தான் இருந்தா. அவவும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பறையில் நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் இப்படித்தான் எழுதினேன். சீதன வீடுகள் எல்லாம் ஒரே மாதத்தில் ஆண்களின் வீடுகளாயின. என் அழகான கையெழுத்தில்.

இது எங்களோடு மட்டும் தொடங்கியதும் அல்ல. அரச காணிகளுக்கான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையிலும் மகன் முன்னுக்கு, மகள் பின்னுக்கு. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டங்களும் படிவங்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

கரையோரத்தில் கட்டக் கூடாது என்று வந்த தடையும் சேர்ந்துகொண்டது. முதலில் கிழக்குக்கு 200 மீற்றர் என்றார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு நாடா போல ஊர். 200 மீற்றரை எடுத்தால் மிச்சம் என்ன? பிறகு எங்கள் கரையில் அது 65 மீற்றராகக் குறைந்தது. மருதமுனையில் "65 மீற்றர்" என்பது இன்று ஒரு இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. நாங்கள் பழைய வளவுக்குத் திரும்பவில்லை. ஒரு வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. பல வருடம் கழித்து உறுதியும் வந்தது. வாப்பாவின் பெயரில்.

ராத்தாவின் கலியாணம் அந்த மாப்பிள்ளையோடு நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் நடந்தது. நல்ல மனிசர், வீடு கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கைசேதம்

வாப்பா போன வருடம் வபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

அதன் பிறகு பங்கு பிரித்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. வீட்டை 40 பங்காக எடுத்தால் உம்மாவுக்கு 5, காக்காவுக்கு 14, எனக்கு 14, ராத்தாவுக்கு 7.

மார்க்கத்தின் பங்கீட்டில் குறை இல்லை. வாப்பாவின் சொத்து என்றால் அதுதான் சரியான கணக்கு. குறை எங்கே என்றால், அது வாப்பாவின் சொத்தாக இருந்திருக்கக் கூடாது. உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தால் அது மகளின் வீடு. 40 இல் 40. அவர் கொடுக்கத்தான் இருந்தார். நான் எழுதிய ஒரு பெயர் அதை 7 ஆக்கியது, எனக்கு 14 தந்தது.

எங்கள் பெரியவர்கள் பாவிக்கும் ஒரு சொல் இருக்கிறது: கைசேதம். பள்ளிவாசல் பயானில் கேட்டிருப்பீர்கள். இழப்பும் வருத்தமும் ஒன்றாகச் சேர்ந்தது. தன் கையால் வந்த இழப்பு என்று நினைத்து வருந்தும்போதுதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. கடல் கொண்டுபோனதற்கு நாங்கள் கைசேதப்பட முடியாது. அது அமானிதம், உரியவன் எடுத்துக்கொண்டான் என்று பொறுத்துக்கொண்டோம். ஆனால் படிவத்தில் நாங்கள் எழுதியதற்கு?

காக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். தயக்கத்தோடுதான் தொடங்கினேன். அவர் முழுசாகக் கேட்கவும் இல்லை. "அது அவட வீடுதானேடா. நான் கல்லுத் தூக்கினது அவளுக்குத்தானே. எப்ப வந்து ஒப்பம் வெக்கிற, அதச் செல்லு" என்றார்.

இந்த மாதம் அவர் லீவில் வந்தார். மூன்று பேரும் நொத்தாரிசிடம் போனோம், உம்மாவும் வந்தா. எங்கள் பங்குகளை ராத்தாவுக்கு நன்கொடையாக எழுதுவதென்று முடிவு. எழுதிக்கொண்டு போன நொத்தாரிசு ஐயா இடையில் நிமிர்ந்து கேட்டார்: "பெறுமதி எவ்வளவு போடுற சேர்?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 15 வயதில் கேட்ட அதே கேள்வி. முத்திரைத் தீர்வைக்காக ஒரு தொகை போட வேண்டும், அவ்வளவுதான். மதிப்பீட்டில் வந்த தொகையைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். உம்மா பெருவிரல் அடையாளம் வைத்தா. காக்கா ஒப்பம் வைத்தார். நான் என் பெயரை மெதுவாக, தெளிவாக எழுதினேன்.

வெளியில் வந்ததும் ராத்தா சொன்னா: "உங்கட பங்கெல்லாம் நட்டமாப் போச்சே." சிரித்துக்கொண்டுதான் சொன்னா. கண் சிரிக்கவில்லை.

நட்டம் இல்லை. இதற்கு எங்களிடம் வேறு ஒரு சொல் இருக்கிறது, விட்டுக்கொடுப்பு. பறிகொடுப்பதிலும் "கொடு" இருக்கிறது, விட்டுக்கொடுப்பதிலும் "கொடு" இருக்கிறது. முன்னதில் கை வெறுமையாகிறது. பின்னதில் கை லேசாகிறது.

*

உறவுகளே, இதை எங்கள் குடும்பப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை, பிந்திச் செய்த காரியம். எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். சுனாமி வீட்டுத்திட்டங்களில் வீடு எடுத்த அன்றைய குடும்பத் தலைவர்கள் இப்போது ஒவ்வொருவராக வபாத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பெயரில் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் யாரோ ஒரு மகளுக்கென்று நினைத்தவை என்பது என் எண்ணம். அந்த மகள்மார் அந்தந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள், தங்கள் வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதியை எடுத்துப் பாருங்கள். வாப்பா உயிரோடு இருந்தால் இப்போதே பேசுங்கள், முறையாக எழுதுங்கள். இல்லையென்றால் சகோதரர்கள் ஒன்றாக உட்காருங்கள். அரச காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்து, முடிந்தால் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுச் செய்யுங்கள். வழக்கென்று போனால் சேதம் வீட்டுக்கு இல்லை, குடும்பத்துக்கு.

எங்கள் தமிழில் பத்திரத்துக்கு "உறுதி" என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனிசர். உறுதி இல்லாத வீட்டில் நிம்மதியும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லப்போகும் விடை இதுதான். மகள், நான்கு சொல்லும் ஒன்றல்ல. வீட்டுக்கு வந்தது சேதம். தறிக்கு வந்தது நட்டம். ஊருக்கு வந்தது அழிவு. எங்கட உம்மாவுக்கு வந்தது இழப்பு. பரீட்சையில் ஒத்தகருத்து என்று கேட்டால் ஒன்றென்றே எழுது, புள்ளி கிடைக்கும். ஆனால் யாரும் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து உன்னிடம் எழுதித் தரச் சொன்னால், எழுத முதல் பக்கத்தில் பேசாமல் இருக்கும் பிள்ளையிடம் ஒரு முறை கேள்.

அன்றைக்குப் போன எல்லாருக்கும் வல்ல நாயன் ஷஹீதுகளின் அந்தஸ்தைக் கொடுப்பானாக. எந்த மதத்தவராயினும் அன்றைக்குத் தங்களுடையவர்களைப் பறிகொடுத்த எங்கள் ஊர்ச் சகோதரர்கள் எல்லாருக்கும் பொறுமையைத் தருவானாக.

பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள். முகாமில் அந்த நாட்களில் படிவம் நிரப்பியவர்கள் வேறு யாரும் இருந்தால், உங்கள் ஞாபகங்களையும் எழுதுங்கள்.